கீலும் வெக்கையும்: தொலைகாட்டி ஆடி தேய்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

வீட்டில் தொலைகாட்டி ஆடி செய்வது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம். வேறு அளவு குறிப்பிடாத இடங்களில், கணக்குகள் யாவும் 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடிக்கு உரியவை. அதாவது ஆறு அங்குலம், எஃப்/8 (குவியத் தூரம் விட்டத்தின் எட்டு மடங்கு). வளைவின் ஆரை 2400 மி.மீ.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். மேசைக் கண்ணாடி வெட்டும் கடையில் 19 மி.மீ. தடிப்பில் ஒரு துண்டு இருக்கிறது. எட்டு அங்குலத்தில் எஃப்/6 ஆடி செய்ய ஆசை. முதல் ஆடிக்கு அது கூடிப்போகுமோ? (கொக்குவில் மாணவன்)

கூடத்தான் போகும் தம்பி. ஆறு அங்குலம், எஃப்/8 என்று தொடங்குங்கள். எட்டு அங்குலத்தைத் தேய்க்கும் வேலை கூட என்பதற்காகச் சொல்லவில்லை. சிக்கல் கடைசிக் கட்டத்தில்தான் வரும். எந்த ஆடியையும் முதலில் கோள வடிவில் மெருகேற்றி, பிறகுதான் பரவளைவு ஆக்குகிறோம். 150 மி.மீ. எஃப்/8 ஆடியில் அந்த இரண்டு வடிவங்களையும் இயன்றளவு பொருத்திப் பார்த்தால், மேற்பரப்பில் மிஞ்சும் வித்தியாசம் ஏறத்தாழ 70 நனோமீற்றர். ஒளி தெறிக்கும்போது அது இரட்டிப்பாகி 140 ஆகும். பச்சை ஒளியின் அலைநீளத்தில் இது கால்வாசி. பரவளைவு ஆக்காமல் கோளமாகவே விட்டாலும் சந்திரனையும் சனியின் வளையத்தையும் காட்டும் ஆடி அது. நீங்கள் கேட்ட 200 மி.மீ. எஃப்/6 இல் அதே வித்தியாசம் ஒளியலையில் 450 நனோமீற்றரைத் தொடும், அலைநீளத்தில் ஐந்தில் நாலு பங்கு. அதைத் திருத்தாமல் விட்டால் வியாழன் ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும்.

150 மி.மீ. ஆடிக்கு 19 மி.மீ. தடிப்புப் போதும். 200 என்றால் 25 மி.மீ. தேடுங்கள்.

வாங்கமுதல் ஒன்றைப் பாருங்கள். மேசைக்கு விற்கும் தடித்த கண்ணாடியில் ஒரு பகுதி ரெம்பர் செய்தது, அதாவது சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவாக்கியது. அதன் உள்ளே இறுக்கம் நிற்பதால் தேய்க்கத் தேய்க்க வடிவம் மாறும், சில வேளை நொறுங்கியும் போகும். எல்.சி.டி. கணினித் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, போலறைஸ் செய்த வெயில்கண்ணாடியைப் போட்டுத் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் திரை இருளும் கோணத்தைப் பிடியுங்கள். திரைக்கும் உங்களுக்கும் நடுவில் கண்ணாடித் துண்டை வையுங்கள். துண்டு முழுதும் ஒரேமாதிரி இருண்டிருந்தால் வாங்கலாம். வெளிச்சப் பட்டைகளோ புள்ளிகளோ தெரிந்தால் வேண்டாம். பொரோசிலிக்கேற்றுக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. சாதாரண கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அது வெப்பத்தில் விரியும், சோதனைக்குக் காத்திருக்கும் நேரம் குறையும். கிடைக்கவில்லை என்று வேலையை நிறுத்த வேண்டாம்.

கேள்வி: என்னென்ன தூள், எவ்வளவு வேண்டும்? இங்கே எங்கே தேடுவது? கருவிக்கும் (ஆடியைத் தேய்க்கும் அடித்தட்டுக்கும்) இன்னொரு கண்ணாடி வாங்க வேண்டுமா? (சாவகச்சேரி வாசகர்)

சிலிக்கன் காபைட்டு 80 ஆம் இலக்கம் அரைக் கிலோ (இலக்கம் கூடக் கூடத் தூள் நுண்மையாகும்). 120, 220, 320 ஒவ்வொன்றும் 120 கிராம். அதன் பிறகு அலுமினியம் ஒட்சைட்டு 12 மைக்ரோனும் 5 மைக்ரோனும் தலா 60 கிராம். மெருகுக்கு சீரியம் ஒட்சைட்டு 120 கிராம், கீல் (தார்போன்ற பொருள், ஆங்கிலத்தில் பிற்ச்; சீரியத்தை இதில் பதித்துத்தான் மெருகேற்றுவோம்) அரைக் கிலோ. 80 ஆம் இலக்கத்தை மட்டும் தாராளமாக வாங்குங்கள், குழி தோண்டுவது அதுதான். மற்றவை மிஞ்சும்.

பெயின்ற் கடைகளில் கிடைப்பது கடுதாசியில் ஒட்டிய தூள், அது உதவாது. இரத்தினபுரி, பேருவளைப் பக்கம் கல் வெட்டுவோருக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். அவர்கள் பாவிக்கும் சிலிக்கன் காபைட்டும் சீரியமும் இதேதான். ஒரே இலக்கத்தை வேறு வேறு நாட்டுத் தரங்கள் வேறு வேறு பருமனுக்குச் சொல்லும். ஆகவே நுண் தூளை இலக்கம் சொல்லி வாங்காமல் மைக்ரோன் சொல்லி வாங்குங்கள்.

கருவிக்கு இரண்டாவது கண்ணாடி வேண்டாம். பல் வைத்தியர்கள் அச்சு வார்க்கும் டென்ரல் ஸ்ரோன் 25 மி.மீ. தடிப்பில் வார்த்து, மேலே 20 மி.மீ. சதுரமாக உடைத்த தரை ரைல்ஸை எப்பொக்சியால் ஒட்டுங்கள். துண்டுகளுக்கிடையில் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். சுவர் ரைல்ஸ் மெத்தென்றது, 80 இலேயே கரைந்துபோகும். வார்ப்பின் பக்கங்களுக்கும் அடிக்கும் எப்பொக்சி பூச மறந்தால் தண்ணீர் ஊறி ஊறி, நுண் தூள் கட்டத்தில் வெள்ளைத் துகள் உதிரும்.

கேள்வி: முகச்சவரக் கண்ணாடியும் குழிவாடிதானே. அதைத் தொலைகாட்டியில் பாவித்தால் என்ன? (மானிப்பாய் வாசகி)

சரிவராது. அது சூட்டில் வளைத்த கண்ணாடி. வளைவில் உள்ள பிழை அலைநீளக் கணக்கில் அடங்காது. போதாததற்கு வெள்ளிப் பூச்சு பின்பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு நட்சத்திரமும் இரண்டாகத் தெரியும்.

கேள்வி: 80 இல் எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? நிறுத்தும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு தூளிலும் எவ்வளவு நேரம்? (நல்லூர், கோண்டாவிலில் இருந்து இருவர்)

நடுவில் குழிவின் ஆழம் ஆரையின் வர்க்கத்தை வளைவாரையின் இரு மடங்கால் வகுத்தால் வரும்: 75 × 75 ÷ 4800, அதாவது 1.17 மி.மீ. இரும்பு அடிமட்டத்தை விளிம்புக்கு விளிம்பு நிமிர்த்தி வைத்து, நடுவில் 1.2 மி.மீ. துளையிடும் ஊசியின் தண்டை நுழைத்துப் பாருங்கள். 1.1 மி.மீ. தண்டு நுழைந்து 1.2 நுழையாத நேரத்தில் 80 ஐ நிறுத்துங்கள். அடுத்த இரண்டு தூள்களும் மிச்சத்தைத் தோண்டிவிடும்.

அளவை ஒத்துப்பார்க்க, ஆடியைத் தண்ணீரில் நனைத்து வெயிலை நிழற்பக்கச் சுவரில் தெறிக்க விடுங்கள். ஒளிப்பொட்டு மிகச் சிறிதாகும் தூரம் குவியத் தூரம். தண்ணீர் சில விநாடியில் வடிந்துவிடும், கையோடு அளக்க வேண்டும். அந்த ஒளியை யாருடைய கண்ணிலும் பட விடாதீர்கள். சிறுபிள்ளைகள் நிற்கும் முற்றத்தில் இதைச் செய்யவேண்டாம்.

தோண்டும்போது ஆடி மேலே, கருவி கீழே. ஆடியின் நடுப்பகுதி கருவியின் விளிம்புமேல் அமரும்படி ஓரமாக ஓட்டுங்கள். ஆழம் வந்ததும் ஓட்டத்தை மாற்ற வேண்டும்: நடுவுக்கு மேல் நடு, விட்டத்தில் மூன்றிலொரு பங்கு. 150 மி.மீ. ஆடி இரு பக்கமும் 25 மி.மீ. வீதம் தாண்டினால் அந்தக் கணக்கு. ஏழெட்டு ஓட்டத்துக்கு ஒருமுறை ஆடியைக் கையில் கொஞ்சம் திருப்புங்கள், நீங்கள் எதிர்ப்பக்கமாக ஓரடி நகருங்கள். மணல் நிரப்பிய பரல் ஒன்றின்மேல் கருவியை மூன்று கட்டைகளால் இறுக்கிவிட்டால் சுற்றி வரலாம். எல்லாத் திசையிலும் எல்லா நிலையிலும் ஒன்றோடொன்று முழுதாகப் படியக்கூடியவை இரண்டு கோளப் பரப்புகள் மட்டுமே. திருப்பலும் சுற்றலும் ஒழுங்காக இருந்தால் கோளம் தானாக வந்துவிடும். ஒரே பக்கம் நின்று தேய்ப்பவருடைய ஆடி நீள்வட்டச் சாய்வு கொள்ளும், அதைப் பிறகு எந்த மெருகாலும் எடுக்க முடியாது.

நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்காமல் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அரைத் தேக்கரண்டித் தூளும் சில துளித் தண்ணீரும் போட்டால், 80 இல் இரண்டு மூன்று நிமிடத்தில் கரகரச் சத்தம் அடங்கும், அடுத்ததைப் போடவேண்டியதுதான். நுண் தூளில் பத்து நிமிடம் வரை ஓடும். 120 இலிருந்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொண்டு, 10 மடங்கு பூதக்கண்ணாடியால் விளிம்பையும் நடுவையும் ஒப்பிடுங்கள். முந்திய கட்டத்தின் பெரிய குழி ஒன்றாவது மிஞ்சினால் அடுத்த தூளுக்குப் போகக்கூடாது. உலர்ந்த ஆடியின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு ஒரு நிமிடம் தேய்த்தால் இன்னொன்றும் தெரியும். கோடுகள் எல்லா இடத்திலும் ஒன்றுபோல மங்கினால் கருவியும் ஆடியும் படிந்திருக்கின்றன. நடுவில் மட்டும் கோடு மிஞ்சினால் நடு படியவில்லை என்று அர்த்தம்.

ஆடி விளிம்பின் கூர்மையை மழுக்கிய 2 மி.மீ. சரிவை ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் நுண்ணிய சாணைக்கல்லால் புதுப்பியுங்கள். சரிவு தேய்ந்துபோனால் விளிம்பு சிதறும், சிதறிய துண்டு கோடு போடும்.

கேள்வி: 12 மைக்ரோனில் வந்த கீறல் 5 மைக்ரோனிலும் போகவில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரியான சுண்ணாம்பு. அதுதான் காரணமோ? (புன்னாலைக்கட்டுவன் வாசகர்)

சுண்ணாம்பில் பழி போட வேண்டாம். குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் இருப்பதால் தண்ணீர் வற்றிய இடத்தில் வெள்ளைப் படிவு நிற்கும், உண்மை. ஆனால் அந்தக் கல்சைற்றின் வன்மை மோஸ் அளவில் 3, கண்ணாடியினது 5½. மெலிந்தது வலியதைக் கீறாது. மணலில் உள்ள குவாட்ஸ் 7, சிலிக்கன் காபைட்டு 9க்கு மேல். உங்கள் கீறலைப் போட்டது இந்த இரண்டில் ஒன்று.

பழைய தூள் பெரும்பாலும் ஒளிந்திருப்பது நகக்கண், கருவியின் ரைல்ஸ் இடுக்கு, துவாய், உடுத்த சாரம் ஆகிய இடங்களில். தூள் மாறும்போது கருவியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சவர்க்காரம் போட்டு ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்துக் கழுவுங்கள், அந்தப் பிரஷ்ஷை எறியுங்கள். விரித்த கடுதாசியையும் உடுத்ததையும் மாற்றுங்கள். 80, 120 இரண்டையும் வெளியே மரத்தடியில் முடித்துவிட்டு, 220 இலிருந்து உள்ளே வருவது நல்ல வழக்கம். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த விறாந்தையில் நுண் வேலை செய்யவே கூடாது. காற்றில் வரும் மணல் ஒன்றே போதும்.

படிவு செய்யும் தொந்தரவு வேறு. ஆடி காய்ந்தபின் வரும் வெள்ளை மூட்டத்தை மெருகு போதாத சாம்பல் என்று நினைத்து வீணாக மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். மெருகுக் கட்டத்துக்குப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை வாங்குங்கள், இரண்டு லீற்றரே போதும்.

கழுவிய சேற்றைக் குசினித் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாய்க்குள் கல்லாக இறுகும். வாளியில் தெளியவிட்டு அடிமண்டியைக் கிணற்றுக்குத் தூரத்தில் புதையுங்கள். உலர்ந்த தூளை ஊதவோ கூட்டவோ கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

உங்கள் ஒற்றைக் கீறல் எவ்வளவு ஆழம் என்று எழுதவில்லை. நகத்தில் தட்டுப்படாததாக இருந்தால் அப்படியே மெருகேற்றுங்கள். ஒரு கீறல் சிதறவிடும் ஒளி கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறிது, அழகுக்கு மட்டும்தான் கேடு.

கேள்வி: கீலில் வெட்டிய வாய்க்கால்கள் அரை மணித்தியாலத்துக்குள் மூடிப்போகின்றன. பளபளப்பு வந்துவிட்டது, ஆனால் விளிம்பு கீழே சரிந்திருப்பதாகச் சோதனை காட்டுகிறது. நான் அமர்த்தித் தேய்ப்பது பிழையோ? (பருத்தித்துறை வாசகர்)

கையைக் குற்றம் சொல்லமுதல் கீலைப் பாருங்கள். இதே முறைப்பாடு இம்முறை வேறு பல கடிதங்களிலும் இருந்தது, எல்லாவற்றிலும் மருந்து ஒன்றுதான்.

கீல் திண்மம்போலத் தெரிந்தாலும் மிக மெதுவாக ஓடும் பொருள். சீரியத் துகளைத் தன்னில் பதித்துக்கொண்டு, ஆடியின் வடிவத்துக்குத் தன்னை மாற்றிக்கொள்வதால்தான் அதைப் பாவிக்கிறோம். வாய்க்கால்கள் அரை மணியில் மூடினால் அது தேவைக்கு மேல் இளகியிருக்கிறது. இளகிய கீல், ஆடி விளிம்பைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் வரம்புபோல எழும்பி, ஆடியின் விளிம்பை மற்ற இடத்தைவிடக் கூடத் தேய்க்கும். அதுவே சரிந்த விளிம்பு. வெளிநாட்டுக் கையேடுகள் 20 பாகை அறையை நினைத்து எழுதப்பட்டவை. சித்திரை மத்தியானத்தில் நம் அறை 32 பாகையில் நிற்கும்போது அதே கீல் வேறு பொருள். கூகோல்ஸ் என்ற பெயரில் விற்கும் கீலை வாங்குபவர்கள் குளிர் தேசங்களில் வழமையான 64 ஆம் இலக்கத்தை விட்டு, அதைவிட இறுகிய 73 ஐக் கேளுங்கள்.

கையில் உள்ள கீலையே இறுக்கலாம். மண்சட்டியில் மணல் பரப்பி மின்னடுப்பில் சூடாக்கி, அந்த மணலுக்குள் கீல் பேணியை இறக்குங்கள். நேரடி நெருப்பு வேண்டாம், அளவுக்கு மிஞ்சிய சூடு கீலை நொறுங்கலாக்கும். உருகியதும் ரோசின் தூளைப் பத்தில் ஒரு பங்கு எடை சேர்த்துக் கலக்கி, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, கால் மணித்தியாலம் அறையில் ஆறவிடுங்கள். பெருவிரல் நகத்தின் ஓரத்தைப் பத்து விநாடி நிதானமாக அமர்த்தினால் ஐந்தாறு மி.மீ. நீளத் தடம் விழ வேண்டும். அதைவிட நீளமென்றால் இன்னும் ரோசின். தடமே விழாமல் செதில் பறந்தால் டர்பன்டைன் சில துளி, அதுவும் பேணியை அடுப்பிலிருந்து தூர எடுத்துச் சென்ற பிறகு, வெளியில் வைத்து. அதன் ஆவி தீப்பற்றும். இந்தச் சோதனையை மெருகேற்றப் போகும் அதே அறையில், அதே நேரத்தில் செய்யுங்கள். காலையில் சோதித்துப் பின்னேரம் தேய்த்தால் சோதனை செய்ததற்கே அர்த்தமில்லை.

வார்க்கும் முறை: கருவியை இளஞ்சூடாக்கி டர்பன்டைன் மெல்லியதாகப் பூசுங்கள். சுற்றிலும் ஈரக் கடுதாசியால் 6 மி.மீ. உயர வரம்பு கட்டி, கீல் பனங்கட்டிப் பாகு பதத்தில் தடித்து விழும்போது ஊற்றுங்கள். மேலே தோல் கட்டியதும், இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்திருந்த ஆடிக்குச் சீரியக் குழம்பு தாராளமாகப் பூசி, கீலின்மேல் வைத்து அசைத்துக்கொண்டே இருங்கள். நிறுத்தினால் ஒட்டும். படிந்ததும் எடுத்து, நனைந்த அடிமட்டத்தின் ஓரத்தை அமர்த்தி 25 மி.மீ. சதுரங்களாக வாய்க்கால் போடுங்கள். கருவியின் நடுப்புள்ளி ஒரு சதுரத்தின் நடுவிலோ வாய்க்கால் சந்தியிலோ விழக்கூடாது, 8 மி.மீ. அளவில் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆடியில் வளையம் வளையமாக மேடு பள்ளம் பதியும். கீலின் சுற்று ஓரத்தை ஆடியைவிட 2 மி.மீ. குறைத்துச் சீவுங்கள். கடைசியில் ஈரமான நுளம்பு வலைத் துண்டைக் கீலுக்கும் ஆடிக்கும் நடுவில் வைத்துப் பாரமேற்றி எடுத்தால் சின்னச் சின்னக் கட்டங்கள் விழும், கீல் ஆடியோடு விரைவாகப் படியும்.

ஒவ்வொரு நாளும் தேய்க்கமுதல் சீரியம் பூசிய ஆடியைக் கீல்மேல் வைத்து, ஐந்து கிலோ அரிசிப் பையை மேலே ஏற்றி அரை மணித்தியாலம் விடுங்கள். வேலையில் பலர் தவறவிடும் படி இது. குழம்பு ஒரு பங்கு சீரியத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர். மார்கழி, தை விடியற்காலைகள் இந்த வேலைக்கு வாய்ப்பானவை. மற்ற மாதங்களிலும் மத்தியானத்தைத் தவிருங்கள்.

கையின் பங்கு ஒன்று உண்டு, ஆனால் அமர்த்துவதில் அல்ல. விளிம்பைச் சுற்றி விரல் பிடித்தால் விரல் சூட்டில் விளிம்பு விரியும். விரிந்த நிலையில் தேய்ந்து, ஆறியதும் பள்ளமாக நிற்கும். பருத்திக் கையுறை போட்டு, முதுகின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள்.

இனி உங்கள் ஆடிக்கு. சரிவு வெளி 2 மி.மீ. மட்டும் என்றால் கறுப்புக் கடுதாசி வளையத்தால் மறைத்துவிடுங்கள். 150 மி.மீ. 146 ஆகும், ஒளியில் ஏறத்தாழ 5 சதவீதம் போகும், கண்ணுக்குத் தெரியாது. 10 மி.மீ. என்றால் இறுகிய கீலில் மூன்றிலொரு பங்கு ஓட்டத்தில் இரண்டு மூன்று மணித்தியாலம் தேய்த்துப் பாருங்கள். மாறவில்லையென்றால் 5 மைக்ரோனுக்குத் திரும்பி ஒரு மணித்தியாலம் தேய்த்துவிட்டு, மறுபடி மெருகுக்கு வருவதுதான் குறுக்கு வழி.

கேள்வி: ஆடி கீலோடு ஒட்டிக்கொண்டது. சுடுதண்ணீர் ஊற்றலாமா? (சங்கானை வாசகர்)

ஊற்றவேண்டாம், கண்ணாடி வெடிக்கும். இரண்டையும் ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, ஐஸ் துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு மணித்தியாலம் எடுத்துக் குளிர வையுங்கள். குளிர்ந்த கீல் பிடி விடும். பிறகு கருவியைச் சுவரோடு அணைத்து, ஆடியின் பக்கவாட்டில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். நெம்பக்கூடாது.

கேள்வி: பூக்கோவின் கத்திச் சோதனையில் நிழல் அலைபாய்கிறது, ஒரே இடத்தை இரண்டுமுறை அளந்தால் இரண்டு விடை. சோதனைக் கருவியின் நகர்வைத் துல்லியமாக அளக்க மலிவான வழி என்ன? பரவளைவுக்கு எந்த இலக்கம் வர வேண்டும்? (வட்டுக்கோட்டை ஆசிரியர்)

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலையும் பூட்டுங்கள். மெல்லிய ஒளி ஆடியில் தெறித்துத் திரும்பிக் குவியும் இடத்தில் கத்தி ஓரத்தை நுழைத்து, ஆடியில் நிழல் நகரும் விதத்தைப் பார்ப்பதுதான் இது. 1858 இல் பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லியோன் பூக்கோ வெளியிட்ட இந்தச் சோதனை காற்றின் அடர்த்தி வித்தியாசத்தையே காட்டிவிடும் அளவுக்கு நுட்பமானது. ஓடு சூடாறாத அறையில் இரவு எட்டு மணிக்கு அளந்தால் அலைதான் தெரியும், விடியற்காலை நாலு மணி நல்ல நேரம். ஆடியும் ஆற வேண்டும். மெருகேற்றியபின் சாதாரண கண்ணாடி ஆடியை ஒரு மணித்தியாலமாவது தாங்கியில் விட்டுவிடுங்கள். ஆறாத ஆடி என்ன செய்யும் என்று காண, ஆடியின் முகத்தில் பெருவிரலைப் பத்து விநாடி வைத்து எடுத்துவிட்டுக் கத்தியின் பின்னால் பாருங்கள். விரல் பட்ட இடம் பெரிய கொப்புளமாக எழும்பி நிற்கும், பல நிமிடம் கழித்துத்தான் அமரும்.

நகர்வுக்கு எம்6 போல்ற் ஒன்று போதும். அதன் புரி இடைவெளி 1 மி.மீ., ஆகவே முழுச் சுற்று ஒன்று 1 மி.மீ. போல்ற் தலையில் 20 பிரிவுள்ள கடுதாசித் தட்டு ஒட்டினால் ஒரு பிரிவு 0.05 மி.மீ. புரியின் தளர்வு கணக்கைக் குழப்பாமலிருக்க எப்போதும் ஒரே திசையில் திருகி அளவு எடுங்கள், றப்பர் வளையம் ஒன்றால் மேடையைப் போல்ற்றோடு இழுத்துக் கட்டுங்கள். ஒளிக்கு வெள்ளை எல்.ஈ.டி., அதன் முன் இரண்டு சவர பிளேட் ஓரங்களால் ஆன மெல்லிய பிளவு. மூன்றாவது பிளேட் கத்தி.

ஒளியும் கத்தியும் ஆடியிலிருந்து 2400 மி.மீ. தூரத்தில். கத்தி வளைவின் மையத்துக்கு உள்ளே இருந்தால் நிழல் கத்தி வந்த பக்கத்திலிருந்தே நகரும், வெளியே இருந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து. மையத்திலேயே என்றால் முழு ஆடியும் ஒன்றாகச் சாம்பலாகும், அப்படி ஆகுமானால் கோளம் கைவசம். விளிம்பின் இரு பக்கமும் மெல்லிய ஒளிக்கோடு சமமாகத் தெரிந்தால் விளிம்பும் நல்லது. நிழலில் சாய்வு தெரிந்தால் ஆடியைத் தாங்கியில் 90 பாகை திருப்புங்கள். சாய்வும் கூடத் திரும்பினால் பிழை கண்ணாடியில்; திரும்பாமல் நின்றால் தாங்கியில்.

பரவளைவில் ஒவ்வொரு வலயத்துக்கும் (ஆடியின் நடுவைச் சுற்றிய வளையத்துக்கும்) மையம் வேறு. ஒளி அசையாமல் கத்தி மட்டும் நகர்ந்தால் வித்தியாசம் வலய ஆரையின் வர்க்கத்தை வளைவாரையால் வகுத்தது. 25 மி.மீ. வலயத்துக்கு 0.26, 50 க்கு 1.04, 70 க்கு 2.04 மி.மீ. ஒளியும் கத்தியும் ஒரே மேடையில் சேர்ந்து நகர்ந்தால் எல்லாம் பாதி: 0.13, 0.52, 1.02. உங்கள் கருவி எந்த வகை என்று முதலே தீர்மானியுங்கள். இதைக் குழப்பினால் ஆடி பாதித் திருத்தத்தில் நின்றுவிடும், அல்லது இரட்டிப்பாகப் போய்விடும்.

திருத்தும் ஓட்டம் ஆங்கில டபிள்யூ வடிவில், நீளமாக, பக்கத்துக்குப் பக்கம் கீல் வார்த்த கருவியின் ஓரம்வரை. எஃப்/8 இல் மொத்த வேலையும் சில நிமிடங்கள்தான். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், ஆறவிட்டு அளந்து பாருங்கள். 70 உக்கும் 25 உக்கும் இடையில் (ஒளி அசையாத கருவியில்) 1.78 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 1.5 வந்தாலே நிறுத்துவது புத்தி. தாண்டிப்போனால் குட்டை ஓட்டத்தில் கோளத்துக்குத் திரும்பி மறுபடி தொடங்க வேண்டும்.

நட்சத்திரத்தில் ஒத்துப்பார்க்கும்போது பல கையேடுகள் துருவ நட்சத்திரத்தைச் சொல்லும், அது அசையாது என்பதால். யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழப் பத்துப் பாகையில்தான் நிற்கும், தடித்த காற்றுக்குள் கிடந்து துடிக்கும். தலைக்குமேல் நிற்கும் நட்சத்திரம் ஒன்றை எடுங்கள், அது நகர்ந்தால் நீங்களும் நகர்த்துங்கள்.

கேள்வி: ஆடி முடிந்தது. அலுமினியப் பூச்சுக்கு வெளியே அனுப்ப முடியவில்லை. வீட்டில் வெள்ளி பூசலாமா? கடற்கரை ஊர் என்பதால் எவ்வளவு நாள் தாங்கும்? (காரைநகர் வாசகர்)

அவசரப்பட வேண்டாம். பூச்சில்லாத கண்ணாடியும் 4 சதவீத ஒளியைத் தெறிக்கும். அதுவே சந்திரனுக்குத் தாராளம், வெள்ளியும் வியாழனும்கூடப் பார்க்கலாம். குழாயில் பொருத்தி வடிவத்தைச் சரிபார்க்க இதுவே ஏற்ற நேரம், பூசியபின் பிழை கண்டால் பூச்சும் வீண். சூரியனை மட்டும் பூச்சில்லாத ஆடியாலும் வெறுமனே பார்க்கக் கூடாது.

வெள்ளி பூச்சு முடியும், ஆனால் வீட்டுக் குசினியில் அல்ல, பள்ளி இரசாயன ஆய்வுகூடத்தில், ஆசிரியர் நிற்கும்போது. தொலன்ஸ் சோதனைக்குக் கலக்கும் அதே அமோனியா சேர்ந்த வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் குளுக்கோசால் ஒடுக்குவதுதான் முறை. அந்தக் கரைசலை வைத்திருந்தால் கறுப்பு வெடிபொருள் படியும், தொட்டாலே வெடிக்கும். ஆகவே பூசும் நேரத்தில் மட்டும் கலக்குங்கள், போத்தலில் மூடி வைக்காதீர்கள், முடிந்த கையோடு மிச்சத்துக்கு ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு வெள்ளிக் குளோரைட்டாகப் படியவையுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம்.

பூச்சு உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கைரேகை எண்ணெய். சவர்க்காரம், பின் வடித்த தண்ணீர் என்று கழுவி, தண்ணீர் ஆடி முழுதும் உடையாத படலமாக நின்றால்தான் கரைசலை ஊற்றலாம். புது வெள்ளி அலுமினியத்தைவிடக் கூட ஒளி தெறிக்கும். ஆனால் காற்றில் உள்ள கந்தகச் சேர்வைகளால் கறுக்கும், உப்புக் காற்றும் அதைக் கெடுக்கும், உங்கள் ஊரில் மாதக் கணக்கில்தான் தாங்கும். பாவிக்காத நேரம் ஆடியைக் குழாயிலிருந்து கழற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு காற்றுப்புகாத பெட்டியில் வையுங்கள். கறுத்ததும் நைத்திரிக் அமிலம் தொட்ட பஞ்சால் வெள்ளியை அகற்றிவிட்டு, கண்ணாடியைத் தேய்க்காமலே மறுபடி பூசலாம்.